ஸ்குவாட் கலைந்த பிறகு எந்த கேம்? வன்னியில் இருந்து ஓர் ஒப்பீடு

"அண்ணை, பப்ஜிக்கு இப்ப ஒருத்தரும் வாறேல்லை. வேற என்ன இறக்கலாம்?"

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எங்கே பெடியளைக் கண்டாலும் இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே மூன்று நான்கு கேமை இறக்கி, கொஞ்ச நாள் விளையாடிப் பார்த்து, அழித்தவர்கள். டேட்டாவும் போய், பொழுதும் போய், சேர்ந்து விளையாடிய நாலு பேர் ஸ்குவாட் மட்டும் திரும்பச் சேரவில்லை. அதனால் இருக்கிற தெரிவுகளை எங்கள் பக்கத்துச் சிக்னல், கரண்ட், போன், காசு நிலைமையில் வைத்துப் பார்த்து, எது யாருக்குச் சரிவரும் என்று எழுதுகிறேன்.

ஒரு கேம் எங்கள் கையை விட்டுப் போவது இரண்டு விதம். ஒன்று, கம்பனியே மூடிவிடுவது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் மொபைல் 2022 மே மாதம் வந்தது. 2023 மே 1ஆம் திகதி சேர்வரை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. கணினியில் விளையாடிய பப்ஜி லைட் 2021 ஏப்ரலோடு முடிந்தது. கோல் ஒஃப் டியூட்டி வோர்ஸோன் மொபைல் 2024 மார்ச்சில் வந்து, 2025 மே மாதம் ஸ்டோரில் இருந்து எடுக்கப்பட்டது. இவை எல்லாம் பெரிய கம்பனிகளின் கேம்கள். ஆகவே பெயரைப் பார்த்து நம்பி நிறையக் காசு போடுவது சரியில்லை.

இரண்டாவது விதத்தில் கேம் உயிரோடு இருக்கும், எங்கள் ஆட்கள் இருக்கமாட்டார்கள். பப்ஜி மொபைலில் என்னைச் சுற்றி நடந்தது இதுதான். 2018இல் வந்த அந்த கேமை உலகம் இன்னும் விளையாடுகிறது. ஆனால் 2020 செப்டெம்பரில் இந்தியா அதைத் தடைசெய்தது. 2021 ஜூலையில் அங்கே பிஜிஎம்ஐ என்று தனிக் கேம் வந்து, இந்திய ஆட்கள் தங்களுக்குள் மட்டும் விளையாடத் தொடங்கினார்கள். ஆசியா சேர்வரில் தற்செயலாக வந்து சேரும் மதுரைக்காரர், கோயம்புத்தூர்காரர், தமிழில் கதைத்து விளையாடிய அத்தனை பேரும் மட்ச்சுக்கு முதல் ஆட்கள் கூடும் லொபியில் இருந்து போய்விட்டார்கள். பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அதற்குப் பிறகு பெடியள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார்கள். ஒருவன் பிரான்ஸ், ஒருவன் கட்டார், மிச்சம் இருப்பவனுக்கு ஏ.எல். சோதனை. தனியாக உள்ளே போனால் கீழ் ரேங்க் மட்ச்சில் பாதிக்கு மேல் பொட்கள், அதாவது கேமே இயக்கும் பொம்மை ஆட்கள். சுட்டால் விழும், திருப்பிக் கதைக்காது.

இதை ஏன் விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், நாங்கள் தேடுவது துவக்கும் மப்பும் (விளையாடும் களமும்) இல்லை. அந்த நாலு பேரையும் திரும்ப ஒன்றாக இருத்தக்கூடிய இடத்தைத்தான் தேடுகிறோம். கிராபிக்ஸை வைத்துத் தேர்வு செய்பவர்கள் திரும்பத் திரும்ப ஏமாறுவது இதனால்தான்.

## எதை வைத்து அளப்பது

கூட்டத்திலேயே மோசமான போன். என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் அளவுகோல். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. நாலு பேர் பப்ஜியில் விமானத்தில் இருந்து ஒன்றாகத்தான் குதிப்பார்கள். மூன்று பேர் கூரையில் இறங்கித் துவக்கு எடுத்த பிறகும் நாலாவது ஆளின் திரையில் வீடுகள் வந்திராது. வெறும் பச்சை நிலம்தான் தெரியும். அவன் அந்த நிலத்தில் ஓடுவான். திடீரென்று அவனைச் சுற்றிச் சுவர் முளைக்கும். வாசல் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கும்போதே அடி விழும். இரண்டு கிழமை இப்படி நடந்தால் அவன் "வேலை இருக்கு மச்சான்" என்று சொல்லத் தொடங்குவான். அவனுக்கு வேலை இல்லை, போன்தான் காணாது. ஒரு ஸ்குவாட் உடையத் தொடங்குவது அங்கேதான். ஆகவே புதுக் கேம் பார்க்கும்போது உங்கள் போனை எடுத்து வைக்காதீர்கள், அவனுடைய போனை எடுத்து வையுங்கள்.

தொடர்பு அறுந்தால் என்ன தண்டனை. ஏ9 வீதியோரம் 4ஜி நன்றாக எடுக்கும். உள்ளே போகப் போகக் குறையும். மழைக் காலத்தில் கரண்டும் சொல்லாமல் போகும், அதோடு ரவுட்டரும் நிற்கும். ஆகவே ஒரு மட்ச் எவ்வளவு நேரம், நடுவில் அறுந்தால் திரும்ப ஏறலாமா, இல்லாவிட்டால் கேம் எங்களைத் தண்டிக்குமா என்று பார்க்க வேண்டும்.

டேட்டா. விளையாட டேட்டா நிறையப் போகும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் ஒரு மட்ச்சுக்குப் போவது சில பத்து எம்பிதான். அப்டேட்தான் ஆளை விழுத்தும். மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஜிபி கணக்கில் வரும். வீட்டு ரவுட்டரில் நைட் டைம் டேட்டா தனியாக இருந்தால் அப்டேட்டை அதற்குத் தள்ளலாம். ரீலோட் போட்டு விளையாடுபவருக்கு அந்த வசதி எப்போதும் கிடையாது. கேமிங் பக்கேஜ் என்று விற்பதை வாங்க முதல் இரண்டு விடயம் கேளுங்கள்: நீங்கள் விளையாடும் கேம் அதற்குள் அடங்குமா, அப்டேட் இறக்கும் டேட்டாவும் அடங்குமா.

காசு. இலவசம் என்று வரும் கேம்களில் பெரும்பாலானவை உள்ளே கடை வைத்திருக்கின்றன. அந்தக் கடையின் விலை டொலரோடு கட்டுப்பட்டது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறியபோது, பப்ஜிக்குள் செலவழிக்கும் யூசியும் ஃப்ரீ ஃபயருக்குள் செலவழிக்கும் டயமண்டும் அதே வேகத்தில் ஏறின. இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, காசு போட்டவன் வெல்லுகிறானா, அல்லது வடிவான உடுப்புப் போட்டுக்கொண்டு எல்லோரையும் போலச் சாகிறானா என்பது. இரண்டாவது என்றால் பிரச்சினை இல்லை.

வெளிநாட்டில் இருப்பவன் வர முடியுமா. இங்கே இரவு 9 மணி என்றால் கோடை காலத்தில் லண்டனில் பின்னேரம் நாலரை, ரொறன்ரோவில் காலை பதினொன்றரை. ரொறன்ரோக்காரன் வேலை முடிந்து மாலை 6 மணிக்கு வந்து இருந்தால் எங்களுக்கு விடியப்புறம் மூன்றரை. நேருக்கு நேர் விளையாடும் கேம் எதுவும் இந்தக் கணக்கைத் தாண்டாது.

வீட்டுக்குள் கேட்கும் சத்தம். மற்ற ஊர்க்காரர் எழுதும் ஒப்பீடுகளில் இது வராது. எங்கள் வீடுகளில் 2009ஐக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பின்னேரம் விறாந்தையில் இருந்து ஸ்பீக்கரில் சூட்டுச் சத்தமும் குண்டுச் சத்தமும் வரும்போது, அடுப்படியில் நின்ற அம்மா அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். அவ ஒன்றும் சொல்லமாட்டா. நாங்கள்தான் பார்த்து நடக்க வேண்டும். துவக்குக் கேம் என்றால் ஹெட்செட் கட்டாயம். அது கட்டுப்படியாகாவிட்டால் வேறு வகைக் கேம் தேடுவது நல்லது.

## பழைய கேமிலேயே இருப்பது

இதையும் ஒரு தெரிவாக எடுக்க வேண்டும். பலர் யோசிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பப்ஜி மொபைலில் லிவிக் மப் 2020இல் வந்தது. 52 பேர், 15 நிமிடத்துக்குள் முடியும். பெரிய மப்பான எரங்கலில் 100 பேரோடு அரை மணித்தியாலம் இருக்கத் தேவையில்லை. கிழமைக்கு ஒரு இரவு, சொல்லிவைத்த நேரம், லிவிக் மட்டும் என்று வைத்தால் பாதி ஸ்குவாட்டையாவது சேர்க்கலாம். சேர்வரைத் தெரிவு செய்யலாம் என்பதால் ஐரோப்பாவில் இருப்பவனும் சேரலாம். பிங் மட்டும் ஏறும், அதாவது கொஞ்சம் பிந்தி வேலை செய்யும்.

மறைந்திருக்கும் செலவு ஸ்டோரேஜ். கிழமைக்கு ஒரு இரவுக்காக போனில் பல ஜிபியை ஒதுக்கி, எல்லா அப்டேட்டையும் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாலாவது ஆளின் போன் பிரச்சினை அப்படியே இருக்கும். பப்ஜிக்கும் 2019இல் மொபைல் லைட் என்று ஒன்று வந்தது. ஆனால் லைட்காரரும் மற்றவரும் ஒரே மட்ச்சில் சேர முடியாது, ஆகவே அதால் பயன் இல்லை.

ஆட்கள் இருக்கிறார்கள், நேரம்தான் பொருந்தவில்லை என்றால் இங்கேயே இருங்கள். போனே முடியாமல் போய்விட்டது என்றால் விடுங்கள்.

## ஃப்ரீ ஃபயர்

2017இல் வந்தது, சிங்கப்பூர்க் கம்பனி கரீனாவின் கேம். பப்ஜி விளையாடியவர்களில் பலர் இதைக் கீழாகப் பார்ப்பார்கள், கார்ட்டூன் மாதிரி இருக்கிறது என்று. அந்தக் கெளரவத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துப் பார்த்தால் வன்னிக்கு இதைப் போலப் பொருந்தும் துவக்குக் கேம் வேறு இல்லை.

ஒரு மட்ச் 10 நிமிடம், 50 பேர். 2 ஜிபி ரேம் போனிலும் ஓடும். 2021இல் வந்த ஃப்ரீ ஃபயர் மெக்ஸ் கிராபிக்ஸ் கூடியது. ஆனால் மெக்ஸில் இருப்பவனும் சாதாரண ஃப்ரீ ஃபயரில் இருப்பவனும் ஒரே லொபியில் சேர்ந்து விளையாடலாம். நல்ல போன்காரன் மெக்ஸ் போடட்டும், நாலாவது ஆள் சாதாரணத்தைப் போடட்டும், இருவரும் ஒரே வீட்டின் கூரையில் இறங்கலாம். பப்ஜி மொபைல் லைட் செய்யாததை இது செய்தது. கிளாஷ் ஸ்குவாட் என்ற நாலுக்கு நாலு ஆட்டம் இன்னும் கெதியாக முடியும், சோதனைக்குப் படிக்கும் தம்பிமாருக்கு அது போதும்.

இனிக் குறைகள். காரெக்டர்களுக்குத் தனித்தனித் திறமை இருப்பதால் புதிதாக வருபவன் கொஞ்சக் காலம் பின்னுக்கு நிற்பான். டயமண்ட் ஆசை பொல்லாதது. சின்னப் பிள்ளைகள் அம்மாவின் போனில் இருந்து ரீலோட் வெட்டும் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. அப்புறம், ஐடி எந்தப் பிராந்தியத்தில் திறந்ததோ அந்தப் பிராந்தியத்தில்தான் இருக்கும். கனடாவில் இருப்பவன் அங்கே திறந்த ஐடியோடு வந்தால் உங்களோடு சேர முடியாது.

நாலு பேரும் ஊரில், ஒருவருடைய போன் பழசு என்றால் வேறு ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

## கோல் ஒஃப் டியூட்டி மொபைல்

2019 ஒக்டோபரில் வந்தது. துவக்குப் பிடிக்கும் கைக்கு இதில் கிடைக்கும் திருப்தி வேறு. ஐந்துக்கு ஐந்து மட்ச் 10 நிமிடத்துக்குள் முடியும், செத்தாலும் உடனே திரும்ப எழும்பலாம் என்பதால் பார்த்துக்கொண்டு இருக்கும் நேரம் கிட்டத்தட்ட இல்லை. பப்ஜியில் முதல் இரண்டு நிமிடத்தில் செத்து, மற்றவர்கள் விளையாடுவதை இருபது நிமிடம் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பப்ஜியைப் போலக் கடைசியாக மிஞ்சுபவர் வெல்லும், 100 பேர் விளையாடும் பட்டில் ரோயலும் உள்ளே இருக்கிறது.

ஆனால் பாரம். முதலில் இறக்குவது ஒன்று. உள்ளே போனதும் மப்புக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று, துவக்குக்கு ஒன்று என்று இறக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். ரீலோட்காரர் இங்கே களைத்துப் போவார்கள். தேவையில்லாத மப்பை இறக்காமல் விடலாம் என்பது ஆறுதல். இன்னொன்று, மலேசியா, சிங்கப்பூர்ப் பக்கம் கரீனா வெளியிடும் தனிப் பதிப்பு ஓடுகிறது. அங்கே உறவு இருந்தால் சேர்ந்து விளையாட முடியாது.

நாலு பேரிடமும் ஓரளவு புதிய போன், வீட்டில் ஃபைபர் அல்லது நல்ல 4ஜி ரவுட்டர், நைட் டேட்டா இருந்தால் இது நல்ல தெரிவு. ஒருவனிடமாவது இவை இல்லை என்றால் ஃப்ரீ ஃபயர்.

## மொபைல் லெஜண்ட்ஸ்

2016இல் வந்த ஐந்துக்கு ஐந்து கேம். துவக்குச் சத்தம் இல்லை, போன் சூடாவதும் குறைவு. மூளைக்கு வேலை அதிகம். ஒரு முறை பிடித்துக்கொண்டால் வருடக்கணக்கில் விடாது.

இதை நான் வன்னிக்கு அவ்வளவாகச் சொல்லமாட்டேன். காரணம் ஒன்றுதான். மட்ச் நடுவில் தொடர்பு அறுந்து திரும்ப ஏற முடியாவிட்டால் உங்களை ஓடிப்போனவராகக் கணக்கெடுத்து, கிரெடிட் ஸ்கோர் என்ற நடத்தைப் புள்ளியைக் குறைக்கும். கரண்ட் போனது கேமுக்குத் தெரியாது. நாலைந்து தடவை அப்படி நடந்தால் ரேங்க் ஆட விடாது. மிச்ச நாலு பேரும் உங்களைத் திட்டித் தீர்ப்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. அதோடு அடிப்படை விளங்கவே ஒரு மாதம் எடுக்கும். பழைய ஸ்குவாட்டில் ஒருவருக்குப் பிடித்து மற்றவருக்குப் பிடிக்காமல் போவது இந்த கேமில்தான் அதிகம். வவுனியா நகரம் போல ஃபைபரும் யூபிஎஸ்ஸும் இருக்கும் இடத்தில் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

## கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்

2012இல் ஐபோனுக்கும் 2013இல் அண்ட்ராய்டுக்கும் வந்த பின்லாந்துக் கேம். இத்தனை வருடமாக நிற்கிறது என்பதே அதன் பலம். ஸ்குவாட் நாடு நாடாகச் சிதறிப்போனவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு கிளானில் 50 பேர் இருக்கலாம். போர் என்றால் ஒரு நாள் ஆயத்தம், அடுத்த நாள் முழுக்கச் சண்டை. ஒவ்வொருவருக்கும் இரண்டு தாக்குதல், ஒன்றுக்கு 3 நிமிடம். அந்த 24 மணித்தியாலத்துக்குள் எப்போது வந்தும் அடிக்கலாம். விசுவமடுவில் இருப்பவன் வயலுக்குப் போக முதல் அடிப்பான், பாரிஸில் இருப்பவன் வேலைக்குப் போகும் ரயிலில் அடிப்பான், ரொறன்ரோக்காரன் இரவு வந்து கடைசித் தாக்குதலை முடிப்பான். எல்லோரும் ஒரே நேரத்தில் முழித்திருக்கத் தேவையில்லை. கிளான் சட்டில் தமிழிலேயே கதைக்கலாம். பழைய போன் போதும், ஒரு கோடு சிக்னலிலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 3 நிமிடம்தான் என்பதால் குளக்கட்டில் ஏறி நின்று அடித்துவிட்டு இறங்கலாம்.

செலவு காத்திருப்பில் ஒளிந்திருக்கிறது. 2025 மார்ச்சில் படை பயிற்றும் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள், ஆனால் கட்டடம் உயர்த்த மேலே போகப் போக நாள்கணக்கில் எடுக்கும். அந்த நாட்களைக் காசு கொடுத்துக் குறைக்கச் சொல்லித்தான் கடை உள்ளே இருக்கிறது. பொறுமை இருந்தால் ஒரு சதமும் தேவையில்லை. குரல் கதை இதில் இல்லை. சிரித்து, கத்தி, ஏசி விளையாடியவர்களுக்கு இது அமைதியாகத் தோன்றும். வட்ஸ்அப்பில் குழு அழைப்புப் போட்டுக்கொண்டு போர் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதே கம்பனியின் கிளாஷ் ரோயல் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று விளையாடும் கேம், சில நிமிடத்தில் முடியும். பொழுதுபோக்குக்குச் சரி, ஸ்குவாட்டுக்கு மாற்று இல்லை.

## டேட்டாவே தேவையில்லாத கேம்கள்

ஒருவன் ஹொட்ஸ்பொட் போட, மற்றவர்கள் அதில் ஏறி விளையாடுவது. மினி மிலிட்டியா இதற்குப் பெயர் போனது. சந்தியில் உள்ள மதகில் நாலு பேர் இருந்தாலே ஒரு சேர்வர். மைன்கிராஃப்ட்டும் இப்படி ஒரே வைஃபைக்குள் விளையாடலாம். ஒரு முறை காசு கொடுத்து வாங்க வேண்டும், அதற்குப் பிறகு அந்த உலகத்தில் எவ்வளவு காலமும் இருக்கலாம். தம்பி தங்கச்சிமாருக்கு இதைவிட நல்ல கேம் நான் காணவில்லை.

அதிகம் பேர் அறியாத ஒன்று சூப்பர்டக்ஸ்கார்ட். கார் ஓட்டப் பந்தயம், முழுக்க இலவசம், உள்ளே கடை கிடையாது, மூலநிரலும் எல்லோருக்கும் திறந்தது. 2019இல் வந்த 1.0 பதிப்பில் இருந்து, ஆளுக்கொரு கருவியில் இருந்து வலையமைப்பில் சேர்ந்து விளையாடும் வசதியும் உண்டு. போனிலும் ஓடும், பழைய கணினியிலும் ஓடும். துவக்குச் சத்தம் வேண்டாம் என்ற வீட்டுக்கு இது பொருந்தும்.

ஒரே ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வகை. ஆனால் ஒரே ஒழுங்கையில் நாலு பேர் மிஞ்சியிருந்தால், ஏன் சேர்வரைத் தேடி சிங்கப்பூர் வரை போக வேண்டும்?

## கணினிக்கு மாறுவது

வலரண்ட் 2020இல் வந்தது, கவுண்டர் ஸ்ட்ரைக் 2 2023 செப்டெம்பரில் வந்தது. இரண்டும் இலவசம், இரண்டும் அருமையான கேம்கள். ஆனால் கணினிக் கேம்களை இறக்கும் ஸ்டீம் தளத்தில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2க்கு 85 ஜிபி இடம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதை ரீலோட் டேட்டாவில் இறக்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. வலரண்ட் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், ஆகவே விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் போட்ட பழைய கணினி அங்கேயே நின்றுவிடும். கரண்ட் போனால் கணினியும் போகும், போனுக்கு இருக்கும் பற்றரி அதற்கு இல்லை.

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 வேறு கதை. மிகப் பழைய கணினியிலும் ஓடும், கேபிள் போட்டு நாலு கணினியைக் கோர்த்தால் இணையம் வேண்டாம். அப்படி ஒரு இடம் உங்கள் ஊரில் இருந்தால் அதிர்ஷ்டம். புதிதாகக் கணினி வாங்கித்தான் விளையாட வேண்டும் என்றால், படிப்புக்கோ வேலைக்கோ அது தேவைப்படும்போது வாங்குங்கள். விளையாட்டுக்காக மட்டும் கடன்பட வேண்டாம்.

## சதுரங்கமும் 304உம்

லிசெஸ் 2010இல் தொடங்கியது. விளம்பரம் இல்லை, கடை இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. மிகக் குறைந்த டேட்டா போதும். இதில் கடித முறை ஆட்டம் ஒன்று உண்டு. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளில் இருந்து இரண்டு கிழமை வரை வைத்துக்கொள்ளலாம். மின்வெட்டு, நேர வித்தியாசம், சோதனை எதுவும் இதைக் குழப்பாது. 2024 டிசம்பரில் சென்னைப் பெடியன் குகேஷ் 18 வயதில் உலகச் சம்பியன் ஆன பிறகு எங்கள் பக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசையோடு பார்க்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று ஆட்டம்தான் என்பது குறை.

நாலு பேருக்கு என்றால் 304 இருக்கிறதே. 32 காட், ஆளுக்கு எட்டு, இரண்டு கட்சி. ஜக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயீனுக்கு 2. துரும்பைக் கவிழ்த்து வைத்து, கேள்வி கேட்டு, கூட்டாளியின் முகத்தைப் பார்த்து விளையாடும் ஆட்டம். ஸ்குவாட்டில் இருக்கும் அத்தனை சமாச்சாரமும் இதில் உண்டு: நம்பிக்கை, ஏமாற்று, தோற்ற பிறகு வரும் சண்டை. அப்பாவும் பெரியப்பாவும் உங்களை விட நன்றாக விளையாடுவார்கள், அவர்களோடும் இருக்கலாம். போனிலும் 304 செயலிகள் உண்டு, ஆனால் காட் கட்டை நேரில் பிரித்து விளையாடுவதுதான் சுகம்.

பின்னேரத்தில் ஓவர் கேம் போகும் கரப்பந்துத் திடல் பக்கத்தில் இருந்தால் அதை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கத் தேவையில்லை. உங்களுக்கே தெரியும்.

## ஒரு பார்வையில்

| தெரிவு | பழைய போனில் | ஒரு ஆட்டம் | தொடர்பு அறுந்தால் | ஒளிந்த செலவு | வெளிநாட்டு நண்பன் |
|---|---|---|---|---|---|
| பப்ஜி மொபைல் (லிவிக்) | கஷ்டம் | 15 நிமிடம் | திரும்ப ஏறலாம், அதற்குள் சாகலாம் | ஸ்டோரேஜ், அப்டேட் | சேரலாம், பிங் ஏறும் |
| ஃப்ரீ ஃபயர் | ஓடும் | 10 நிமிடம் | இழப்புச் சிறிது | டயமண்ட் ஆசை | ஐடியின் பிராந்தியம் தடுக்கும் |
| கோல் ஒஃப் டியூட்டி மொபைல் | கஷ்டம் | 10 நிமிடம் | திரும்ப ஏறலாம் | இறக்கும் டேட்டா | பெரும்பாலும் சேரலாம் |
| மொபைல் லெஜண்ட்ஸ் | ஓடும் | 10 முதல் 20 நிமிடம் | கிரெடிட் ஸ்கோர் குறையும் | பழகும் காலம் | நேரம் பொருந்தினால் |
| கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் | ஓடும் | 3 நிமிடம் | அந்தத் தாக்குதல் மட்டும் கெடும் | காத்திருப்பு | மிகப் பொருத்தம் |
| ஹொட்ஸ்பொட் கேம்கள் | ஓடும் | விரும்பியபடி | இணையம் தேவையில்லை | மைன்கிராஃப்ட்டுக்கு விலை | முடியாது |
| கணினிக் கேம்கள் | பொருந்தாது | 30 நிமிடம் தாண்டும் | தண்டனை உண்டு | கணினி, ஃபைபர், யூபிஎஸ் | சேரலாம் |
| லிசெஸ் | ஓடும் | 3 நிமிடம் முதல் மாதக்கணக்கு | கடித முறையில் பாதிப்பு இல்லை | இல்லை | மிகப் பொருத்தம் |

## மாறுவதற்கு முதல் செய்ய வேண்டியவை

புதுக் கேமை எல்லோரும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். நாலாவது ஆளின் போனில் நைட் டேட்டாவில் முதலில் இறக்குங்கள். அவன் மூன்று நாள் தனியாக விளையாடிப் பார்க்கட்டும். போன் சூடாகிறதா, நடுவில் வெளியே தள்ளுகிறதா என்று அவன் சொன்ன பிறகு மற்றவர்கள் இறக்கலாம். அவனுக்கு ஓடாததை மற்ற மூன்று பேரும் இறக்கி ஆசைப்பட்டுப் பயன் இல்லை.

பழைய கேமை அழிக்க முதல் ஐடி எதனோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். கெஸ்ட் கணக்கில் இருந்தால் அழித்ததோடு போய்விடக்கூடும். கூகுள் கணக்கோடு இணைத்துவிட்டு அழித்தால் பிறகு ஆசை வந்தால் திரும்பலாம்.

ஐடியை விற்றுவிட்டுப் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பேஸ்புக்கில் விலை பேசும் ஆட்கள் நிறைய. கம்பனிகளின் விதியில் அது தடை, பிடிபட்டால் ஐடி முடங்கும். அது ஒரு பக்கம் இருக்க, உங்கள் கூகுள் கணக்கை அந்நியன் ஒருவனிடம் கொடுக்க வேண்டியிருக்கும். அதே கணக்கில் அம்மாவின் படங்களும் உங்கள் தொலைபேசி இலக்கங்களும் இருக்கின்றன. விற்க வேண்டாம். வாங்கவும் வேண்டாம், விற்றவன் மின்னஞ்சலை வைத்து ஒரு மாதத்தில் திரும்ப எடுத்துவிடுவான்.

புதுக் கேமில் முதல் இரண்டு மாதம் காசு போடாதீர்கள். ஸ்குவாட் நிலைக்கிறதா என்று தெரிந்த பிறகு போடலாம். போடும்போது கடைக்காரரோ ஏஜென்டோ ஃப்ரீ ஃபயருக்கும் பப்ஜிக்கும் கேட்க வேண்டியது உங்கள் பிளேயர் ஐடி எண் மட்டும்தான். பாஸ்வேர்ட் கேட்கிற ஆளிடம் டொப் அப் செய்ய வேண்டாம்.